பிரமிட் ஹெட் யார் முன்னால் வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம்தான் சைலண்ட் ஹில் 2 என்ற திகில் வீடியோ கேமை விளையாடி முடித்தேன். ரீமேக் அல்ல, 2001இல் வந்த பழையது. பயம் போய்விட்டது, குழப்பம் போகவில்லை. பிரமிட் ஹெட் என்ற அந்தக் கூம்புத்தலை அரக்கன் நாயகன் ஜேம்ஸைக் கொல்லத்தான் வருகிறது என்றால், முதல் தடவை கம்பிகளுக்குப் பின்னால் சும்மா நிற்பது ஏன்? கடைசியில் இரண்டு பேராக வந்து தாங்களே குத்திக்கொண்டு சாவது ஏன்? ஜேம்ஸின் மனைவி மேரி இறந்து மூன்று வருடம் என்கிறார்கள், பிறகு அந்தக் கணக்கு இடிக்கிறது. மூன்றாம் பாகத்தில் வின்சென்ட் என்பவன் நாயகி ஹெதரிடம், அவை உனக்கு அரக்கர்களாகவா தெரிகின்றன என்று கேட்கிறான். அதை வைத்து, நாம் கொன்றதெல்லாம் மனிதர்களைத்தான் என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இதெல்லாம் எழுதியவர்களின் சோம்பலா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முடிவு வரை பேசாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சோம்பல் இல்லை. மூன்று வருடக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விளையாட்டிலேயே விடை இருக்கிறது. ஊரில் திரியும் சிறுமி லாராவிடம் மேரி எழுதிய ஒரு கடிதம் இருக்கிறதல்லவா? அதில் எட்டாவது பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. ஜேம்ஸ் அவளிடம் வயதைக் கேட்கிறான். போன வாரம்தான் எட்டு முடிந்தது என்கிறாள். அப்படியானால் மேரி மூன்று வருடத்துக்கு முன்பு இறந்திருக்கவே முடியாது. நீங்கள் ஓட்டை என்று நினைத்த இடம் ஜேம்ஸின் பொய் கிழிகிற இடம். அதுவும் பிறருக்குச் சொன்ன பொய் அல்ல, தனக்கே சொல்லிக்கொண்டது. பிறகு ஹோட்டலின் 312ஆம் அறையில் ஓடும் வீடியோ, நோயில் கிடந்த மனைவியின் முகத்தில் அவன் தலையணையை அழுத்தியதைக் காட்டுகிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் பாருங்கள். மேரி எழுதியதாக வந்து ஜேம்ஸைச் சைலண்ட் ஹில் ஊருக்கு வரவழைத்த அந்த முதல் கடிதம் உங்கள் பையிலேயே இருக்கும். கதை நகர நகர அதிலிருந்து எழுத்து மறைந்து வெற்றுத்தாள் ஆகும், அப்புறம் தாளும் இருக்காது. இதைப் பற்றி ஒரு பாத்திரமும் வாய் திறப்பதில்லை. சோம்பேறிகள் இப்படிச் செய்ய மாட்டார்கள். யாரும் திறந்து பார்க்காமலே போகக்கூடிய ஒரு பக்கத்தில் இவ்வளவு வேலை செய்தவர்களை நான் நம்புகிறேன்.

சரி, பிரமிட் ஹெட்டுக்கு வருவோம். 'அதற்கு என்ன வேண்டும்?' என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியில் அது பிடிபடாது. 'இதை யார் முன்னால் செய்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். கம்பிகளுக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சத்தில் நிற்கிறது, ஜேம்ஸ் பார்க்கிறான். அடுக்குமாடியின் அறை ஒன்றில் மேனிகின் எனும் பொம்மை போன்ற அரக்க உருவங்களை வதைக்கிறது, ஜேம்ஸ் அலமாரிக்குள் ஒளிந்து பார்க்கிறான். மருத்துவமனையில் லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில், ஜேம்ஸோடு ஊரில் சேர்ந்து வரும் மரியாவைக் குத்துகிறது, அரை அடி தூரத்தில் ஜேம்ஸ். ஹோட்டலில் மறுபடியும் மரியாவை அவன் கண்ணெதிரே கொல்கிறது. அதற்கென்று ஒரு பசியோ பகையோ எங்கும் காட்டப்படவில்லை. மேரியின் முகத்தையே கொண்ட ஒருத்தி சாவதை, அவளைக் கொன்றவன் பார்க்க வேண்டும். அது ஜேம்ஸின் தேவை. தன்னைத் தண்டிக்க ஒருவர் தேவைப்பட்டதாக, தான் பலவீனமாக இருந்ததாக, அவற்றோடு நடக்கும் கடைசிச் சண்டைக்கு முன் அவனே சொல்கிறான். அந்தத் தேவை தீர்ந்ததும் அவை இரண்டும் ஈட்டியைத் தங்களுக்குள்ளேயே பாய்ச்சிக்கொள்கின்றன. நீங்கள் எத்தனை குண்டு செலவழித்தாலும் அவற்றைக் கொன்றவர் நீங்கள் அல்ல. வெள்ளம் நிறைந்த அந்தப் படிக்கட்டுச் சண்டையிலும் அப்படித்தானே? சைரன் ஒலிக்கிறது, அது தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடுகிறது. வெல்ல முடியாத சண்டை என்று எரிச்சல்படாதீர்கள். கதை சொல்ல வேண்டியதை அங்கே விளையாட்டின் விதியே சொல்லிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நாமே கவனமாக இருக்க வேண்டும். மரியா மூன்று முறை சாகிறாள். நடுவில் உள்ள சாவு, சிறை அறைக்குள் நடப்பது, நமக்குக் காட்டப்படவில்லை. ஜேம்ஸ் சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது அவள் படுக்கையில் பிணமாகக் கிடக்கிறாள். கொன்றது பிரமிட் ஹெட் என்று பலரும் நிச்சயமாகப் பேசுவார்கள். அது நாம் எழுதிக்கொண்டது. ஒரு அறை, ஒரு படுக்கை, ஒரு பெண், கதவுக்கு வெளியே ஜேம்ஸ். அந்தக் காட்சியில் அரக்கனைத் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

உருவம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. ஊரின் வரலாற்றுச் சங்கக் கட்டடத்தில் ஒரு ஓவியம் தொங்குகிறது, அதே தலையோடு. ஆக, வடிவம் ஊருடைய பழைய கொலைத்தண்டனைகளிலிருந்து வருகிறது, நோக்கம் ஜேம்ஸிடமிருந்து. சங்க அகப்பாடல்களில் உள்ளுறை என்பார்களே, தலைவன் செய்த தவறை நேராகச் சொல்லாமல் வயலில் மேயும் எருமையின் மேல் ஏற்றிச் சொல்வது. அந்த எருமைக்கு என்ன நோக்கம் என்று கேட்டால் பாட்டு விளங்காது. அது யாருடைய வயல், யார் கேட்கச் சொல்லப்படுகிறது என்று கேட்டால் விளங்கும். அதனால்தான் பிரமிட் ஹெட்டை 2008இல் வந்த ஹோம்கமிங் பாகத்தில் ஜேம்ஸ் இல்லாத கதைக்குள் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அங்கே அது பெரிய கத்தியோடு அலையும் ஒரு உருவம், அவ்வளவுதான்.

வின்சென்ட் அப்படிக் கேட்டுவிட்டு, கவலைப்படாதே, வேடிக்கைக்குச் சொன்னேன் என்று உடனே சேர்த்துக்கொள்வான். முதல் பாதியை மட்டும் எடுத்துச் சான்றாக்குவது நியாயமில்லை. இரண்டாம் பாதியை எடுத்து விஷயத்தை முடிப்பதும் அப்படியே. அந்தச் சந்தேகம் ஹெதரின் மனதில் தங்க வேண்டும் என்பதுதான் காட்சி. அதை வைத்து எல்லா அரக்கர்களுக்கும் ஒரே சூத்திரம் செய்தால் லாரா கதையிலிருந்தே விழுந்துவிடுகிறாள். அவள் கண்ணில் எதுவுமே படுவதில்லை. ஜேம்ஸை அரக்கர்கள் தொங்கும் அறைக்குள் அவள் அடைத்துப் பூட்டுவது, மேரியிடம் அன்பாக இல்லாத ஒரு ஆள் மேல் எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்த கோபம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

நான் சொன்ன 'யார் முன்னால்' என்ற கேள்வியும் எல்லாவற்றையும் திறந்துவிடாது. எரியும் படிக்கட்டு நினைவிருக்கிறதா? ஊரில் ஜேம்ஸ் சந்திக்கும் ஏஞ்சலா என்ற பெண் நிற்கிறாள், சுற்றிலும் தீ. ஜேம்ஸுக்கும் அனல் அடிக்கிறது. உனக்கும் தெரிகிறதா, எனக்கு எப்போதும் இப்படித்தான் என்கிறாள் அவள். அந்தத் தீ ஜேம்ஸுடையது அல்ல, ஆனாலும் அவன் பார்க்கிறான். ஏன் என்று விளையாட்டு சொல்வதில்லை. அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுபடி விளையாடுவீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எந்த முடிவு வந்தது என்று எழுதவில்லையே? காயத்தோடு மருந்து போடாமல் நடந்தீர்களா, ஏஞ்சலாவின் கத்தியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தீர்கள், மேரியின் புகைப்படத்தைத் திறந்தீர்களா என்பதையெல்லாம் விளையாட்டு சத்தமில்லாமல் குறித்துக்கொண்டுதான் ஜேம்ஸ் பிழைத்துப் போவானா, ஏரிக்குள் போவானா என்று முடிவுசெய்கிறது. எது வந்தது என்று எழுதுங்கள்.