நான்கு வயது மகளுக்கு உப்பின் இப்பின் காட்டலாமா?

கோலாலம்பூர் செத்தாபாக்கில் குடியிருக்கிறோம், வீட்டில் தமிழ் மட்டும்தான், மகளுக்கு நான்கு வயது, அடுத்த ஆண்டு பாலர் பள்ளி, மலாய் சுத்தமாகத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பின் இப்பின் என்ற மலாய் கார்ட்டூன் தொடரைப் பார்த்தால் மலாய் வருமா, நோன்பும் பெருநாளுமாக வருகிற கதைகள் நம் பிள்ளையைக் குழப்பாதா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகக் காட்டுங்கள். ஒரே நிபந்தனை, நீங்களோ வீட்டில் வேறு பெரியவரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். நான் செந்தூலில் பாலர் பள்ளி ஆசிரியை. என் இரண்டு பிள்ளைகளும் இந்தத் தொடரோடுதான் வளர்ந்தார்கள். வகுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியோடு பெற்றோர் வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2007 நோன்பு மாதத்தில் டிவி9 அலைவரிசையில் தொடங்கியது. தயாரித்தது ஷா ஆலாமில் இருக்கும் லெஸ் கொப்பாக் நிறுவனம். முதலில் வந்தவை ஆறே ஆறு சின்னக் கதைகள், நோன்பு என்றால் என்ன என்று சிறுவர்களுக்குச் சொல்ல எடுத்தவை. மக்களுக்குப் பிடித்துப்போனதால் அடுத்த ஆண்டும் வந்தது, அப்புறம் நிற்கவே இல்லை. இந்தோனேசியாவிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த தொடர் இது. கம்போங் டுரியான் ருந்து என்ற கம்பத்தில், அதாவது கிராமத்தில், பாட்டி ஓப்பாவோடும் அக்கா காக் ரோஸோடும் வாழும் இரட்டையர்தான் நாயகர்கள். உப்பின் ஐந்து நிமிடம் மூத்தவன், தலையில் ஒற்றைக் குடுமி. இப்பினுக்கு மொட்டைத் தலை, பொரித்த கோழி என்றால் உயிர்.

மலாய் வருமா? வரும், ஆனால் டிவி மட்டும் அதைக் கொடுத்துவிடாது. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது, ஒரு கதையில் ஒரே ஒரு விஷயம்தான் நடக்கும். பல் வலிக்கும், ஒரு பொருள் காணாமல் போகும், யாரோ யாரோடோ கோபித்துக்கொள்வார்கள். பேசுகிற பொருள் திரையிலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓயாமல் சொல்கிற ஒரு வாசகமும் உண்டு. இப்பின் எதற்கெடுத்தாலும் 'பெத்துல் பெத்துல் பெத்துல்' (சரி, சரி, சரி) என்பான். மெய் மெய் 'சாயா சுக்கா, சாயா சுக்கா' (எனக்குப் பிடிக்கும்) என்று குதிப்பாள். மாயில் எதைக் கையில் எடுத்தாலும் 'துவா சிங்கிட்' என்று விற்கத் தொடங்கிவிடுவான், நம் கணக்கில் வெள்ளிக்கு ரெண்டு. நான்கு வயதுப் பிள்ளை இலக்கணம் படித்து மொழி கற்பதில்லை. இப்படி முழு வாசகமாகப் பிடித்து, சரியான இடத்தில் எடுத்து விடுகிறது. அதைக் கேட்டு எதிரில் ஒருவர் பதில் சொன்னால்தான் அடுத்த வாசகம் வரும். அந்த ஒருவரை நீங்கள் தேடித் தர வேண்டும். பக்கத்து வீட்டில் மாக்சிக், அதாவது மலாய் அத்தை, இருந்தால் பிள்ளையை ஒரு வணக்கம் சொல்ல விடுங்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பலகாரம் வாங்கும்போது காசை அவள் கையில் கொடுத்து அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

அதில் வருவது கம்பத்துப் பேச்சு மலாய், பாடநூல் மலாய் இல்லை என்று சில பெற்றோர் கவலைப்படுகிறார்கள். இந்த வயதில் அந்தக் கவலை தேவையில்லை. விளையாட்டுத் திடலில் இன்னொரு பிள்ளையிடம் 'நானும் வரட்டுமா' என்று கேட்கப் பேச்சு மலாய்தான் வேண்டும். எழுத்து மலாயை முதலாம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளியே சொல்லித் தரும். மலாய் ஏன் முக்கியம் என்றால், ஆறு ஆண்டு தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது நம் பிள்ளைகள் மலாய் வகுப்பறையில் போய் உட்காருகிறார்கள். அந்த மொழியிடம் பயம் இல்லாமல் போகிற பிள்ளைக்கு அங்கே பாதிச் சுமை குறைந்துவிடும்.

தமிழ் குறைந்துவிடாது. கதை முடிந்ததும் நிறுத்திவிட்டு, காக் ரோஸ் ஏன் திட்டினாள், ஓப்பா ஏன் திட்டவில்லை என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை தன் தமிழில் முழுக் கதையையும் திருப்பிச் சொல்லும். இப்படிக் கதை சொல்லிப் பழகிய பிள்ளைகளை என் வகுப்பில் உடனே கண்டுபிடித்துவிடுவேன். முதலில் இது, அப்புறம் அது, அதனால் இது என்று கோர்வையாகப் பேசுவார்கள்.

அடுத்து சமயம். ஆமாம், இது ஒரு மலாய் முஸ்லிம் வீட்டின் கதை. நோன்பு, தொழுகை, பெருநாள் எல்லாம் வரும். அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். கோலாலம்பூரில் வளரும் நம் பிள்ளை மஸ்ஜித் ஓசையைக் கேட்டு எழுந்து, நோன்புச் சந்தையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறது. அது என்ன என்று பிள்ளைக்குத் தெரிவது நல்லதுதானே? 'நானும் நோன்பு இருக்கட்டுமா' என்று உங்கள் மகள் கேட்பாள், நிச்சயம் கேட்பாள். அப்போது தைப்பூசத்துக்கு நாம் விரதம் இருப்பதையும், பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதையும் சொல்லுங்கள். பசியைப் பொறுத்துக்கொண்டு கடவுளை நினைப்பது நம் வீட்டிலும் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிடும். தொடரில் தீபாவளிக் கதையும் சீனப் புத்தாண்டுக் கதையும்கூட உண்டு.

பெற்றோர் அதிகம் யோசிக்காத ஒன்று இதில் இருக்கிறது. இரட்டையருக்கு அம்மா அப்பா இல்லை. கைக்குழந்தைகளாக இருந்தபோதே இறந்துவிட்டார்கள். தொடர் அதைப் பெரிதாக அழுது சொல்லாது. பெருநாள் அன்று அடக்கத்தலத்துக்குப் போவார்கள், பிரார்த்தனை செய்வார்கள், திரும்பி வருவார்கள். பெரியவர்களுக்குத் தொண்டை அடைக்கும், பிள்ளை சாதாரணமாக 'உப்பினுக்கு அம்மா எங்கே?' என்று கேட்கும். பேச்சை மாற்றாதீர்கள். 'ஊருக்குப் போயிருக்கிறார்கள்' என்றும் சொல்லாதீர்கள், பிறகு நீங்கள் ஊருக்குப் போகும்போது பிள்ளை பயப்படும். இறந்துவிட்டார்கள், இனி வர மாட்டார்கள், ஆனால் பாட்டியும் அக்காவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். நான்கு வயதுக்கு அது போதும். மேலும் கேட்டால் மேலும் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். என் வகுப்பில் தாத்தாவை இழந்த ஒரு பிள்ளை, 'உப்பின் வீட்டில் மாதிரி எங்கள் வீட்டிலும்' என்றுதான் முதன்முதலாக அதைப் பற்றி வாய் திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான வேறு எந்தப் படமும் இந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் சிபாரிசு செய்வேன்.

நம்மவர்கள் இதில் எப்படி வருகிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகள் பார்ப்பாள். கம்பத்தில் ஒட்டுக்கடை நடத்துபவர் முத்து அங்கிள். பிள்ளைகள் கூடுகிற இடமே அவர் கடைதான். அவர் மகன் ராஜு, அவனுக்கு சாப்பி என்றொரு மாடு. பின்னால் தேவி என்ற சிறுமியும் வருகிறாள். பாண்டுன் என்ற மலாய்ச் செய்யுளைப் பாடிக்கொண்டே இருக்கும் ஜர்ஜிட் சிங்கையும் சிலர் தமிழ்ப் பிள்ளை என்று நினைக்கிறார்கள், அவன் பஞ்சாபி.

முத்து அங்கிள் அன்பானவர், அவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அவருடைய மலாய் உச்சரிப்பைத்தான் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள், அது எனக்கு உறுத்துகிறது. என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். அவர் மலாயும் அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகாமல், வேலையிடத்தில் காதால் கேட்டுப் பிடித்த மலாய் அது. அதை வைத்துத்தான் மலாய்க்காரர், சீனர் எல்லாரோடும் ஒரு வாழ்நாள் பழகினார். பிள்ளைகள் சிரித்தால் நான் அதட்டுவதில்லை. அந்தத் தாத்தாக்கள் எப்படிக் கற்றார்கள் என்பதைச் சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள். ஒரு தமிழ் டாக்டர், ஒரு தமிழ் ஆசிரியை என்று இந்தக் கம்பத்துக்குள் இன்னும் பலர் வர வேண்டும் என்பது என் ஆசை.

தோக் டாலாங் வரும்போது மட்டும் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள், நிறுத்திப் பேச நிறைய இருக்கிறது. ரெம்போ என்ற சேவலோடு திரிகிற அந்தக் கிழவர் தோல்பாவைக் கலைஞர். கிளந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட் என்ற தோல்பாவைக் கூத்தில் காலங்காலமாக ஆடி வருவது ஸ்ரீ ராமன் கதை. நம் பாட்டி சொன்ன ராமனும் சீதையும் அனுமனும் இங்கே மலாயில், விளக்கு வெளிச்சத்தில் தோல் பொம்மைகளாக ஆடுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பம்பர விளையாட்டு வந்தால் உங்கள் அப்பாவைக் கூப்பிடுங்கள். பம்பரம் விட்டுக் காட்ட நம் வீட்டுத் தாத்தாவும் சளைத்தவர் இல்லை.

எவ்வளவு நேரம்? இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதையும் குறைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இரண்டு கதை போதும். யூடியூபில் போடுவதாக இருந்தால் லெஸ் கொப்பாக்கின் சொந்தச் சேனலில் மட்டும் போடுங்கள், அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இந்த உருவங்களை வைத்து யார் யாரோ செய்த போலிப் படங்கள் நிறைய கிடக்கின்றன, சில பிள்ளைகளுக்கு ஆகாதவை.

கதை இன்னும் பிடிபடாத கைப்பிள்ளை வீட்டில் இருந்தால் டிடி அண்ட் பிரெண்ட்ஸ் பாட்டுகள் போதும், கோழிக்குஞ்சுகள் பாடும் எளிய மலாய்ப் பாட்டுகள். போபோய்போய் என்ற இன்னொரு கார்ட்டூனில் கோபால் என்ற நம்ம ஊர்ப் பையன் நாயகனின் நெருங்கிய நண்பனாக வருகிறான், ஆனால் அதில் சண்டை அதிகம். முதலாம் ஆண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்குத் தீபாவளிக் கதையைப் போடுங்கள். விளக்கும் பலகாரமும் மகளுக்குத் தெரிந்தவை, மலாய் புரியாவிட்டாலும் கதை புரியும். அந்தப் பிள்ளைகள் அவளுக்குப் பழக்கமான பிறகு 2007இன் ஆறு நோன்புக் கதைகளுக்குப் போங்கள்.