எரிந்து விழும் மகன்: வயசுக் கோளாறா, மனச்சோர்வா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். மூன்று மாதமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். தினமும் தலைவலி என்கிறான். கண் டாக்டரிடம் காட்டினோம், பார்வையில் குறை இல்லை என்றார். வாலிபால் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. இப்போது மைதானம் பக்கமே போவதில்லை. ராத்திரி இரண்டு மணி வரை செல்போன். அதைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பா. போன வாரம் திட்டியபோது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்றான். இது வயசுக் கோளாறுதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசியாக எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோபத்தில் வந்த வார்த்தை என்று அதை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே அவனிடம் தனியாக உட்கார்ந்து, 'செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பல பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். 'ஆமாம்' என்றால் புத்திமதி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பதில் எதுவானாலும் வீட்டிலுள்ள பூச்சிமருந்து, எலி மருந்து, பெரியவர்களின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள்.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவார்கள் என்றே நினைக்கிறோம். இந்த வயதில் அது பெரும்பாலும் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும். நோயைக் கணிக்கும்போது பெரியவர்களிடம் சோகத்தைத் தேடுகிற டாக்டர்களாகிய நாங்கள், பிள்ளைகளிடம் எரிச்சலையும் அதே கணக்கில் சேர்ப்போம். காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி, காலையில் எழவே முடியாத அசதி, பசியில் மாற்றம், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு எல்லாம் கூடவே வரும்.

சரி, வயசுக் கோளாறிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? அம்மாவிடம் முறைத்துவிட்டு, நண்பன் வாசலில் கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே ஓடுகிற பையனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் மகன் வாலிபாலையே விட்டுவிட்டான் என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. பிடித்ததில் நாட்டம் போவதும், நாளின் பெரும்பகுதி எரிச்சலாகவே கழிவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று மாதம் ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் மனச்சோர்வு என்று நான் முடிவுகட்ட முடியாது. ஆனால் இனியும் காத்திருக்கக் கூடாது.

போன் விஷயத்தில் அவன் அப்பா சொல்வது பாதி சரி. ராத்திரி போன் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் தூக்கம் வராததால் போனை எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். பத்து மணிக்கு மேல் எல்லார் போனும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும்.

நீங்கள் எழுதாத சிலவற்றையும் யோசித்துப் பாருங்கள். ப்ளஸ் ஒன்னில் இருக்கும் குரூப் அவன் கேட்டதா, நீங்கள் சேர்த்ததா? பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா? ஆன்லைன் விளையாட்டில் பணம் போனதா? கஞ்சா, போதைப் பாக்கு போன்ற பழக்கம் இருக்கிறதா? விசாரணை மாதிரி இல்லாமல், பைக்கில் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டால் பதில் வரும்.

ரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டுமே இப்படிச் சோர்வைத் தரும் என்பதால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதலாம். லேசான மனச்சோர்வுக்குப் பல நேரம் உளவியல் ஆலோசனையே போதும். கூடுதலாக இருந்தால் ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மாத்திரை தருவார்கள். அது முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் சிலருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம், அப்போது கூடவே இருந்து கவனியுங்கள். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 'மனநல டாக்டர்' என்றதும் அவன் வர மறுத்தால், தலைவலிக்கும் தூக்கத்துக்கும் காட்டலாம் என்று கூப்பிடுங்கள், அதுவும் உண்மைதானே. மனநல டாக்டர் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். அவர் அவனிடம் தனியாகப் பேச உங்களை வெளியே உட்காரச் சொல்வார். உள்ளே என்ன பேசினாய் என்று திரும்பும் வழியில் துருவாதீர்கள். அவன் உயிருக்கு ஆபத்தான விஷயம் இருந்தால் டாக்டரே உங்களிடம் சொல்லிவிடுவார்.