மேகம் நகர்கிறது, படம் ஏன் மினுக்குகிறது?

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழிக்கு மேலே மேகங்கள் நகர்வதை டிஜிட்டல் கேமராவில் தனித்தனிப் படங்களாக எடுத்து, டைம்லாப்ஸ் காணொளியாகக் கோத்தேன். ஓடவிட்டால் வெளிச்சம் விட்டுவிட்டு மினுக்குகிறது. என்ன காரணம்?
- வாசகர், காட்பாடி

பதில்: கேமராவைத் தானியங்கி முறையில் விட்டதே காரணமாக இருக்கும். மேகம் சூரியனை மறைத்து விலகும்போதெல்லாம் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைப் புதிதாகக் கணக்கிடுவதால், கோட்டைச் சுவரின் அதே கருங்கல் ஒரு படத்தில் வெளுத்தும் அடுத்த படத்தில் கறுத்தும் பதிவாகிறது. ஆகவே மேனுவல் முறைக்கு மாறி, ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் ஆகியவற்றை முதல் படத்துக்கு முன்பே நிலைப்படுத்திவிடுங்கள். அதன் பின்னும் மெல்லிய மினுக்கல் மிஞ்சினால், லென்ஸுக்குள் இருக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு முறையும் இம்மியளவு வேறுபட்டு மூடுகின்றன என்று கொள்ளலாம். அப்பர்ச்சரை முழுமையாகத் திறந்து வைத்தால் அதுவும் நீங்கும்.

மேகத்துக்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 5 விநாடி இடைவெளி பொருந்தும். விநாடிக்கு 25 படங்கள் வீதம் ஓடும் 10 விநாடிக் காட்சிக்கு 250 படங்கள் தேவை என்பதால், ஏறக்குறைய 21 நிமிடங்களுக்கு முக்காலி சிறிதும் அசையக் கூடாது. அகழிக்கரையில் மாலைக் காற்று பலமாக வீசினால், முக்காலியின் நடுவில் கேமராப் பையைத் தொங்கவிடுங்கள். களிமண் பொம்மைகளை நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனுக்கும் இதே அமைப்புகள்தாம். வெளி வெளிச்சம் மாறி மினுக்காதபடி ஜன்னலை மட்டும் மூடிவிட்டு விளக்கொளியில் எடுங்கள்.