போட் எஞ்சின் சூடாகிறதா? தெர்மோஸ்டாட்டில் கை வைக்கும் முன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்

நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் சிறு படகு வைத்திருக்கிறேன். எஞ்சின் நீர்கொழும்பில் வாங்கிய பழைய 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக். தனியாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. ஆறு பேரை ஏற்றி வேகமாகப் போனால் பத்து நிமிடத்தில் கொதிக்கிறது, இழுவை குறைகிறது, பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நூல் மாதிரி மெலிந்துவிடுகிறது. கராஜில் ப்ளக் மாற்றியும் பயனில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார் ஒரு பாஸ். சிவனொளிபாதமலை சீசன் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும். கழற்றலாமா?"

கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் சிறு வால்வு. நீங்கள் சொன்ன அடையாளங்கள் வேறு இடத்தைக் காட்டுகின்றன. பெரும்பாலான எஞ்சின்களில் பின்னால் பீய்ச்சும் தண்ணீர், தெர்மோஸ்டாட்டைத் தாண்டுவதற்கு முன்பே பிரிந்து வெளியே வருகிறது. அது மெலிகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர் மேலே ஏறுவதே குறைகிறது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருந்தால் மெதுவாக ஓட்டும்போதும் சூடு ஏறியிருக்கும். இன்னொன்று, நம் மலைநாட்டுத் தண்ணீர் குளிர்ந்தது. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. பெட்ரோல் முழுதாக எரியாமல் கரி படியும், ப்ளக் அடிக்கடி நனையும். ஒரு கோளாறு இரண்டாகும்.

இந்த எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீர்தான் அதன் குளிரூட்டி. புரொப்பல்லருக்கு மேலே, கியர் பகுதியின் பக்கத்தில் இருக்கும் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. அதற்குச் சற்று மேலே, நீண்ட ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் அதை எஞ்சினின் தலைப்பகுதிக்குத் தள்ளுகிறது. ஆறு பேர் ஏறினால் எஞ்சினுக்கு வேலை கூடுகிறது, சூடும் கூடுகிறது. ஆனால் பாரத்தில் சுழற்சி குறைவதால் பம்ப் தள்ளும் தண்ணீரும் குறைகிறது. தேய்ந்த இம்பெல்லர் தனியாள் ஓட்டத்தைச் சமாளித்துவிட்டு, பாரம் ஏறியதும் கைவிடுவது இதனால்தான்.

முதலில் செலவில்லாத வேலை. படகைக் கரையேற்றி, தண்ணீர் இழுக்கும் துவாரங்களைப் பாருங்கள். பாசி, புல், கிழிந்த சொப்பிங் பை எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அப்புறம் பின்னால் பீய்ச்சும் துளைக்குள் நைலான் தூண்டில் நூலை விட்டுப் பாருங்கள். சும்மா கிடக்கும் எஞ்சினில் குளவி அந்தத் துளைக்குள் மண் கூடு கட்டிவிடும். அப்படியானால் உள்ளே தண்ணீர் ஒழுங்காக ஓடியும் வெளியே மெலிந்து தெரியும். இதைச் செய்யாமல் எதையும் பிரிக்காதீர்கள்.

அதிலும் மாறவில்லை என்றால் இம்பெல்லர்தான். உங்களுடைய விஷயத்தில் என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். மழை பெய்தால் தேயிலைச் சரிவுகளிலிருந்து மண் கரைந்து வந்து நீர்த்தேக்கமே செந்நிறமாகிறது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் இறங்குதுறை ஓரத்தில் சேறுதான் மிஞ்சும். அந்த மண் கலந்த தண்ணீர் ரப்பரை அரைத்துவிடும். கரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் வழுக்கல், அது இல்லாமல் சிறிது நேரம் ஓடினாலே ரப்பர் கருகும். சோதிக்க வேண்டுமென்றால், துவாரங்கள் நன்றாக மூழ்கும் அளவுக்குப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதற்குள் இறக்கி ஓட்டுங்கள்.

கியர் பகுதியின் போல்ட்டுகளையும் கியர் கம்பி இணைப்பையும் கழற்றிக் கீழே இழுத்தால் பம்ப் தெரியும். ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் மடிந்து நிமிராமல் இருந்தாலோ, வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். ஓர் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். அது மேலே எங்கோ நீர்வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடாகிறதே என்று பலர் திணறுவது இந்தத் துண்டால்தான். பம்பின் உள் கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சிறிய சாவித் துண்டு அதன் பள்ளத்தில் இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் அதன் ரப்பருக்குள் நேராகப் போகிறதா என்று பாருங்கள்.

சரி, எஞ்சின் நீர்கொழும்பில் வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலில் ஓடிய எஞ்சினின் நீர்வழிகளில் உப்பும் துருவும் படிந்து சுவர் தடித்துப் போயிருக்கும். இப்போது நன்னீரில் ஓடுகிறது என்பதால் பழைய படிவு தானாகப் போய்விடாது. சிலிண்டர் தலை மூடியைத் திறந்து, தெர்மோஸ்டாட்டையும் எடுத்து, நீர்வழிகளைச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். மூடும்போது புது கேஸ்கட் போடுங்கள். தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் தண்ணீரோடு சூடாக்கிச் சோதிக்கலாம். அதன் மேல் பொறித்திருக்கும் பாகையை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால் புதிது போடுங்கள்.

கடற்கரை எஞ்சினோடு வந்த புரொப்பல்லரும் ஒரு காரணமாகலாம். காசல்ரீ ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று மெலிது, எஞ்சின் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. இன்னும் உயரத்தில் இருக்கும் நுவரெலியா கிரகரி வாவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கடல் மட்டத்துக்குப் பொருந்திய புரொப்பல்லர் இங்கே பாரமாகிவிடும். முழு வேகத்திலும் எஞ்சின் முக்கிக்கொண்டே ஓடினால், பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம்) ஓரிரு அங்குலம் குறைந்த புரொப்பல்லர் போட்டுப் பாருங்கள். கூடவே எஞ்சினின் உயரத்தையும் கவனியுங்கள். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு அல்லது சற்றே கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால், ஆட்கள் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்ததும் பின்பக்கம் தூக்கி, துவாரங்கள் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. முச்சக்கர வண்டிக்கு ஊற்றும் டூ-டீ எண்ணெய் வேண்டாம். TC-W3 (டீசி-டபிள்யூ3) என்று போட்டிருக்கும் போட் எண்ணெய் வாங்குங்கள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றுக்கு 50 லீற்றர் பெட்ரோலுக்கு 1 லீற்றர் என்பது கணக்கு, உங்கள் எஞ்சினின் கைநூல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

வேலை முடியும் வரை பயணிகளை ஏற்றாதீர்கள். இதைக் கேட்டுக்கொள்ளவே இவ்வளவும் எழுதினேன் என்றாலும் சரிதான். ஏரி நடுவில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால், கரை தெரிகிறதே என்று ஓட்டிப் போகாமல் அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்துங்கள். பிஸ்டன் இறுகிப் போக அதிக நேரம் வேண்டாம். மூடியைத் திறந்து எஞ்சினின் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் கூடாது, உலோகம் வெடிக்கலாம். எஞ்சினைத் தூக்கித் துவாரங்களைத் துப்புரவாக்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அதற்குள் காற்று படகை இழுத்துக்கொண்டு போகாதபடி துடுப்பும், கயிறு கட்டிய நங்கூரமும் எப்போதும் படகில் இருக்கட்டும். மழைக்காலத்தில் அணை வான் பாயும் நாட்களில் அந்தப் பக்கம் படகை விடவே வேண்டாம். ஏறுகிற ஒவ்வொருவரும், குழந்தை உட்பட, உயிர்காப்பு அங்கி அணிந்த பிறகே கயிற்றை அவிழுங்கள்.