துபாய் ஃபிளாட்: சாவி வாங்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் துபாய். சென்னை, கோவை ஹோட்டல்களில் சனி ஞாயிறு தோறும் நடக்கும் கண்காட்சிகளின் புண்ணியம் என்று நினைக்கிறேன். எந்த ஏரியாவில் விலை ஏறும், வாடகை எத்தனை சதவீதம் நிற்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் கட்டடக்காரன், புரோக்கர் இல்லை. கட்டுமானம் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஊர் முழுக்க மணல். 40 மாடிக் கட்டடத்தில் முதலீடு செய்யப் பயமாக இருக்கிறதே? (திருச்சி)

நிற்கும். மணலுக்குக் கீழே மென்பாறை இருக்கிறது, பைல் எனும் கான்கிரீட் அடித்தளத் தூண் அதுவரை இறங்குகிறது. புர்ஜ் கலீஃபாவே சுமார் 190 பைல்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அவற்றின் அடிமுனை தரையிலிருந்து 50 மீட்டர் ஆழத்தில். பயப்பட வேண்டியது மணலுக்கு இல்லை, உப்புக்கு. அங்கே நிலத்தடி நீரில் குளோரைடும் சல்ஃபேட்டும் கடல்நீரைவிட அதிகம். கம்பியைத் தின்றுவிடும். பழைய கட்டடம் வாங்குவதாக இருந்தால் கடைசி பேஸ்மென்டுக்கு இறங்கி, தூணின் காலடியையும் வெளிச்சுவரின் மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புப் பூத்திருக்கிறதா, துருநீர் வழிந்த கோடு இருக்கிறதா, கசிவை அடைக்க ஊசி போட்ட பிளாஸ்டிக் முனைகள் வரிசையாக நிற்கின்றனவா? மூன்றும் சேர்ந்து இருந்தால் காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரெரா பதிவு இருக்கிறது, எஸ்க்ரோ கணக்கு இருக்கிறது. அப்புறம் தரத்துக்கு என்ன குறை வரப்போகிறது? (மதுரை)

ரெரா என்பது ரியல் எஸ்டேட்டைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, எஸ்க்ரோ என்பது கட்டுமானத்துக்கென்று உங்கள் பணத்தைத் தனியாக வைக்கும் வங்கிக் கணக்கு. இரண்டும் உங்கள் பணத்துக்குக் காவல். டைல்ஸுக்கு யார் காவல்?

மாதிரி ஃபிளாட் பார்த்தோம். இத்தாலிய மார்பிள், ஜெர்மன் கிச்சன். அசந்துபோய் அன்றே 10 சதவீதம் கட்டிவிட்டோம். தரம் நன்றாகத்தானே இருக்கும்? (கோவை)

கட்டிவிட்டு என்னிடம் கேட்கிறீர்கள். பரவாயில்லை, மாதம் நாலு பேராவது இதே கடிதம் எழுதுகிறார்கள்.

மாதிரி ஃபிளாட் என்பது சினிமா செட் மாதிரி. பல இடங்களில் குழாயைத் திறந்தால் தண்ணீரே வராது. கழிப்பறைக்குப் பின்னால் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட் கிடையாது. தலைக்கு மேலே இன்னொரு வீட்டுக்காரர் குளிப்பதில்லை. கசிய வழியே இல்லாத இடத்தில் நின்று தரம் பார்த்திருக்கிறீர்கள். மார்பிள் எந்த ஊர் என்று கேட்டால் விற்கிற பையன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதற்கு அடியில் என்ன வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், எத்தனை கோட், ஷவர் சுவரில் எவ்வளவு உயரம் ஏற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குக் காபி வரும்.

நான் வளைகுடாவுக்குப் போய் இரண்டாம் வருஷம், ஒரு சைட்டில் ஜூனியர் இன்ஜினீயர். பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் காய்ந்ததும் வாசலில் சிமென்ட் வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்மாடிக்குப் போய் சீலிங்கைப் பார்க்க வேண்டும். பாண்டிங் டெஸ்ட். அன்று வியாழன் மாலை. மறுநாள் விடுமுறை. டைல்ஸ் ஆட்கள் பசை கலக்கிய வாளியோடு வாசலில் நிற்கிறார்கள். தண்ணீர் கட்டி 14 மணி நேரம்தான் ஆகியிருந்தது. கீழே போய்ப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. தாளில் 24 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குடிவந்து ஆறு மாதத்தில் கீழ் வீட்டு ஹால் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பு வட்டம். கோட்டிங்கில் குறை இல்லை. கழிவுக் குழாய் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் இடத்தில், குழாயைச் சுற்றி அடைத்த கலவை சுருங்கி, விரல்நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த ஒரு இடத்துக்காக மொத்த மார்பிளையும் உடைத்தோம். அது இத்தாலிய மார்பிள்தான். அதே ஷேட் கல் மறுபடி கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்தத் தாளில் என் கையெழுத்து இன்னும் எங்கோ ஃபைலில் இருக்கும்.

ஆகவே சொல்கிறேன், தண்ணீர் விட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கியது இன்னும் எழும்பவில்லை என்றால், அதே டெவலப்பர் ஐந்து வருஷம் முன்பு ஒப்படைத்த கட்டடத்துக்குப் போங்கள். லாபியில் நிற்காதீர்கள், லாபியை யாரும் துடைத்து வைப்பார்கள். குப்பை அறை, சர்வீஸ் லிஃப்ட், பம்ப் ரூம், மொட்டை மாடி. காரிடார் ஃபால்ஸ் சீலிங்கில் ஏசி கிரில்லைச் சுற்றிக் கறுப்பு படிந்திருந்தால், உள்ளே குளிர்நீர்க் குழாயின் இன்சுலேஷன் விட்டுப்போய் வியர்க்கிறது என்று அர்த்தம். அப்புறம் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று, ஒரு வருஷ மழைக்கும் மேல் ஒரே நாளில் கொட்டியதே, அன்று பேஸ்மென்டில் எத்தனை கார் நீந்தியது, எந்த மாடியில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். எந்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டும் அவ்வளவு ஒழுங்காகச் சொல்லாது.

சாவி தருவதற்கு முன் வீட்டைப் பார்க்க அரைமணி நேரம்தான் தருகிறார்கள். எதைப் பார்ப்பது? (சிங்கப்பூர்)

அரைமணியை நீங்களாகவே ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்நாகிங், அதாவது வீட்டின் குறைகளைத் தேடிப் பட்டியல் போடும் வேலை செய்யும் ஆள் ஒருவரை அமர்த்துங்கள், ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் திர்ஹம் ஆகும். பத்து லட்சம் திர்ஹம் கொடுத்தவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. நேரம் கிடைக்கவில்லை என்றால் பாத்ரூமிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தரையில் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை நோக்கி ஓடும். கதவை நோக்கி வந்தால் அங்கேயே எழுதுங்கள். பால்கனியிலும் இதே. ஒரு திர்ஹம் நாணயத்தால் டைல்ஸைத் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் அடியில் பசை பிடிக்கவில்லை. ஏசியை வந்தவுடன் போட்டுவிடுங்கள், கிளம்பும்போது அதன் தண்ணீர் வடியும் தட்டு நிரம்பி நிற்கிறதா என்று சீலிங்கில் உள்ள மூடியைத் திறந்து பாருங்கள். பெயின்ட் கீறலை எல்லாம் கடைசியில் பார்க்கலாம்.

விரிசல் போட்டோ இணைத்துள்ளேன். ஆபத்தா? (சென்னை)

ஒரே ஒரு போட்டோ. பக்கத்தில் ஸ்கேல் இல்லை, பேனா இல்லை, எந்த அறை, தூணா, பீமா, கட்டுச்சுவரா என்று ஒரு வரி இல்லை. தலைமுடியா விரிசலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. போட்டோவை வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை என்று போன முறையும் எழுதினேன். பொதுவாகச் சொன்னால், கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வந்தால் பூச்சுக்கு அடியில் வலை வைக்காமல் விட்டிருப்பார்கள், கோபப்படலாம், பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி மாதாமாதம் நீண்டால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பத்து வருஷ வாரன்டி என்றார்கள். ஒன்றரை வருஷத்தில் ஹீட்டரும் பைப்பும் போய்விட்டது. கேட்டால் கைவிரிக்கிறார்கள். (அபுதாபி)

சட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். துபாயின் 2019-ஆம் ஆண்டு 6-ஆம் எண் சட்டப்படி பத்து வருஷம் என்பது கட்டமைப்புக்கு, அதாவது தூண், பீம், ஸ்லாப் வகையறாவுக்கு. மின்சாரம், குழாய், ஏசி எல்லாம் ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருஷம். பத்தாம், பதினோராம் மாதத்தில் இன்னொரு முறை ஆள் வைத்துச் சோதித்து, எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வாய்மொழிப் புகாருக்குத் தேதி கிடையாது.

வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம். திறந்தால் சாக்கடை நாற்றம். மட்டமான கட்டுமானம்தானே? (தஞ்சாவூர்)

இல்லை. சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்க ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டது. யாரையாவது விட்டு மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது. கோடையில் ஏசியை அடியோடு அணைக்க வேண்டாம், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

பழைய டவர், விலை மலிவு. வெளிப்பக்கம் அலுமினியப் பேனல். தீ விபத்து என்கிறார்களே? (பெங்களூரு)

நியாயமான கேள்வி. டார்ச் டவர் 2015-இல் எரிந்தது, 2017-இல் மறுபடி எரிந்தது. 2015 கடைசி நாள் இரவு டவுன்டவுன் அட்ரஸ் ஹோட்டல் எரிந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு அலுமினியத் தகடுக்கு நடுவே பாலிஎதிலின் வைத்த பழைய வகைப் பேனல் தீயை மாடிமாடியாக ஏற்றிவிடும். 2017-க்குப் பிறகு விதி இறுகியது. அதற்கு முந்தைய கட்டடம் என்றால் பேனலை மாற்றினார்களா, மாற்றவில்லை என்றால் அந்தச் செலவு யார் தலையில் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜே சதுர அடிக்கு வருஷம் 10 முதல் 30 திர்ஹம் வரை போகிறது. அதற்கு மேல் இது வந்தால் மலிவு விலையின் சங்கதி தெரியும்.

அம்மா அங்கே வந்து தங்குவார்கள். ஹால் சீலிங்கில் கொக்கி போட்டு ஊஞ்சல் மாட்டலாமா? (காரைக்குடி)

கூடவே கூடாது. அங்கே பல டவர்களில் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப். கான்கிரீட்டுக்குள் இரும்பு வடங்களை இழுத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். காரைக்குடி உத்தரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி துளை போட்டு ஒரு வடம் அறுந்தால், துளை போட்டவரும் ஆபத்தில், ஸ்லாபும் ஆபத்தில். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் இல்லாமல் டிரில் மெஷினையே உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஸ்டாண்டோடு வரும் ஊஞ்சல் வாங்கிக் கொடுங்கள். பால்கனியில் போட வேண்டாம், ஹாலிலேயே போடுங்கள்.