அதே பூனைதானா?

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். பிளஸ் ஒன் வகுப்பில் கதை நடத்தும்போது, பிள்ளைகள் மிரளக் கூடாதென்று முதலில் முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிடுவேன். ஆர்வமாகக் கேட்பார்கள். பிறகு ஆங்கிலத்தில் வாசித்தால் கொட்டாவிதான். "இலக்கியமெல்லாம் எதுக்கு சார்? பேங்க் ஃபார்ம் நிரப்பவும் இன்டர்வியூல நாலு வார்த்தை பேசவும் கத்துக்கொடுங்க" என்கிறார் சக ஆசிரியர். கதை படித்து ஆங்கிலம் கற்றவன் நான். ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கதையைத் தமிழில் சொல்லி முடித்தீர்களே, அங்கேதான். பந்தி முடிந்து இலையை மடித்த பிறகு சாம்பார் வாளியோடு வந்தால் யார் சாப்பிடுவார்கள்? என்ன நடந்தது என்று தெரிந்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஆங்கில வரிகளால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

சில வருடங்கள் மாலை வகுப்பு எடுத்தவன் நான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஏ, ஆன், தி’ நடத்தி நடத்தி அலுத்துப்போயிருந்தேன். விதியை (புதிதாகச் சொன்னால் ‘ஏ’, முன்பே தெரிந்ததைச் சொன்னால் ‘தி’) ஒப்பிப்பார்கள், கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள், சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் ‘தி’யைக் காணோம். தமிழில் அப்படி ஒரு உருப்படியே இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஒருநாள் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் ‘கேட் இன் த ரெயின்’ கதையை ஜெராக்ஸ் எடுத்துப் போனேன். 1925இல் வந்த தொகுப்பில் உள்ள சின்னக் கதை. இத்தாலியில் கடலைப் பார்த்த ஓட்டல் அறை, மழை, கட்டிலில் புத்தகமும் கையுமாகக் கணவன். மனைவி ஜன்னல் வழியே பார்க்கிறாள்: வெளியே மேசைக்கடியில், சொட்டும் நீருக்கு ஒடுங்கி ஒரு பூனை. இறங்கிப் போனால் பூனை இல்லை. திரும்பி வந்து, பூனை வேண்டும், நீளக் கூந்தல் வேண்டும், மெழுகுவர்த்தி வேண்டும், புது உடை வேண்டும் என்று அடுக்குகிறாள். ‘ஐ வாண்ட்’ பயிற்சிக்கு இதைவிட நல்ல பக்கத்தை எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. கடைசியில் ஓட்டல்காரர் சொல்லியனுப்பினார் என்று பணிப்பெண் பெரிய பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதே பூனைதானா?

"அதேதான், வேறென்ன" என்றார்கள் பாதிப் பேர். பின்வரிசைப் பெண் ஒருத்தி தாளைத் தூக்கிப் பிடித்தாள். "சார், முதல்ல ‘ஏ கேட்’. அடுத்த வரியிலேயே ‘தி கேட்’ ஆயிடுது. கடைசியில திரும்பவும் ‘ஏ’ போட்டிருக்கான். அப்ப இது வேற பூனை." வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது, முழுக்கத் தமிழில். நான் தடுக்கவில்லை. சாட்சி மட்டும் ஆங்கில வரியாக இருக்க வேண்டும் என்றேன். அந்த வரியில் வாசலைப் பார்ப்பது யார் என்றும் கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் சொன்னான்: "புக்குலேர்ந்து தலையத் தூக்கிப் பாக்குறது புருஷன் சார். அவன் பூனைய முன்னாடி பாக்கவே இல்லையே. அவனுக்கு ‘ஏ’தானே?"

பூனை விவகாரம் அன்று தீரவில்லை. (எனக்கும் இன்றுவரை தீரவில்லை.) ஆனால் அந்த மூன்று பக்கத்தை அவர்கள் நாலைந்து முறை படித்திருப்பார்கள், யாரும் படிக்கச் சொல்லாமலே.

1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வி அறிஞர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் பி.எட். படித்த உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ரயில் அட்டவணை, வரைபடம் என்று ஏதாவது ஒரு கணக்கைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்வார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. அட்டவணைக் கேள்விக்கு விடை கிடைத்ததும் வேலை முடிந்துவிடும். கதையில் முடிவதில்லை, திரும்ப வரிக்கே வரவேண்டியிருக்கிறது. உங்கள் நண்பருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம். பேங்க் ஃபார்மும் கற்றுக்கொடுங்கள், அவர் சொல்வது நியாயம்தான். நாலு பீரியட் போதும் அதற்கு.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் மட்டும் இந்தக் கதையைத் தள்ளிவிடாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் வாசித்துக்காட்டுவதுதான் சரி. புகழ்பெற்றது என்பதற்காக எதையும் எடுக்கவும் வேண்டாம். சொல் எளிதாக இருந்து, சண்டை போட ஓர் இடமும் இருந்தால் எடுங்கள்.

இன்னொன்று. கதையின் கடைசிப் பத்தியைத் தனித் தாளில் அச்சடித்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.