உபுண்டுவில் இருந்து விண்டோஸ் பென்டிரைவ் செய்வது எப்படி? கோத்தகிரியில் இருந்து பதில்கள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கையில் இருக்கும் சிஸ்டம் ஒன்று, போட வேண்டிய ஓஎஸ் வேறு என்று மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

குன்னூரில் இருந்து: அண்ணா, என்னிடம் உபுண்டு என்ற லினக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. தங்கச்சி லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 போடணும். ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) டிடி கமாண்டில் (ஃபைலை டிஸ்கில் அப்படியே எழுதும் கமாண்ட்) எழுதினேன், பூட் ஆகவே இல்லை. பென்டிரைவ் போச்சா?

பென்டிரைவ் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களைப் பெரும்பாலும் டிவிடி, பென்டிரைவ் இரண்டிலும் பூட் ஆகிற மாதிரியே தயாரிக்கிறார்கள், அதனால் டிடியில் அப்படியே எழுதினால் வேலை செய்யும். விண்டோஸ் ஐஎஸ்ஓ அப்படி இல்லை. அதற்குப் பென்டிரைவை ஜிபிடி பார்ட்டிஷன் முறை, ஃபேட்32 ஃபைல் முறை என்று ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபைல்களைக் காப்பி செய்தாலே போதும், யூஇஎஃப்ஐ (புதிய கம்ப்யூட்டர்களைப் பூட் செய்யும் உள் மென்பொருள்) உள்ள மெஷின் தனக்கு வேண்டிய பூட் ஃபைலை ஈஎஃப்ஐ ஃபோல்டரில் தானே தேடிக்கொள்ளும்.

ஒரே ஒரு இடத்தில் இடிக்கும். சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால் டாட் விம் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது, ஃபேட்32 அவ்வளவு பெரிய ஒற்றை ஃபைலை ஏற்காது. உபுண்டுவில் விம்டூல்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டு, அதன் ஸ்ப்ளிட் கமாண்டில் 3800 எம்பி துண்டுகளாக வெட்டி, எஸ்டபிள்யூஎம் என்ற பெயர் முடிவோடு அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். பெரிய ஃபைலைக் காப்பி செய்ய வேண்டாம். துண்டுகளை விண்டோஸ் செட்டப் தானே சேர்த்துக்கொள்ளும்.

அப்புறம், காப்பி 100% என்று காட்டியதும் பிடுங்கிவிடாதீர்கள். டேட்டா கொஞ்சம் இன்னும் ராமில்தான் நிற்கும், பென்டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். இஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள்.

கொடைக்கானலில் இருந்து, ஒரு ஆசிரியை: பள்ளியில் பல கம்ப்யூட்டர்கள், சிலவற்றுக்கு விண்டோஸ், சிலவற்றுக்கு லினக்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனி பென்டிரைவா?

வேண்டாம் டீச்சர், வென்டாய் என்ற மென்பொருளைப் போடுங்கள். ஒரு தடவை பென்டிரைவில் ஏற்றிவிட்டால் போதும், பிறகு ஐஎஸ்ஓக்களை வெறுமனே காப்பி செய்யலாம், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலிருந்தும் ஏற்றலாம். 4 ஜிபி தொல்லையும் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கூடலூர்: எஸ்டேட்டில் சிக்னல் ஒரு புள்ளிதான். மழை வந்தால் டவுன்லோடு பாதியில் நிற்கிறது.

டபிள்யூகெட் என்ற டவுன்லோடு கமாண்டில் மைனஸ் சி போட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் மைக்ரோசாஃப்ட் தரும் லிங்க் 24 மணி நேரம்தான் செல்லும், அதனால் விண்டோஸை டவுனுக்கு வரும் நாளில் இறக்கிக்கொள்வது நல்லது. இறக்கிய பிறகு எஸ்எச்ஏ256 எண்ணை (ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் அடையாள எண்) தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஊட்டி: எஸ்டிபி, எஸ்டிசி என்று லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் பெயர் குழப்புகிறது சார். எது பென்டிரைவ்?

டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கமாண்டை அடித்து அளவைப் பாருங்கள், 16 ஜிபி பென்டிரைவ் 15-க்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். எழுதுவதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு மழைக்காலம், கரண்ட் போய் வந்து சிஸ்டம் மறுபடி ஆன் ஆனதில், பென்டிரைவாக இருந்த எஸ்டிபி ஒரு வாடிக்கையாளரின் வெளி டிஸ்காக மாறியிருந்தது. நான் பழைய கமாண்டையே மேல் அம்புக்குறியில் எடுத்து என்டர் தட்டிவிட்டேன். அவர்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் பாதிதான் மீண்டது. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

குன்னூர், இன்னொருவர்: மேக்கில் எட்சர் என்ற ஐஎஸ்ஓ எழுதும் மென்பொருளை வைத்துப் பென்டிரைவில் லினக்ஸ் எழுதினேன், டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்கிறது.

சரியாகத்தான் எழுதியிருக்கிறது, மேக்குக்கு லினக்ஸ் பார்ட்டிஷன் புரியாது, அவ்வளவுதான். இனிஷியலைஸ் பட்டனை மட்டும் தொடாமல் இஜெக்ட் கொடுங்கள்.